கடும் நோயின்போது உடற்பயிற்சி: ஒருவருக்கு முடிகிறது, இன்னொருவருக்கு ஏன் முடிவதில்லை?

புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தரும் இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். நோயாளிகள் என்னிடம் மூட்டு வலியைப் பற்றியும் மூச்சு வாங்குவதைப் பற்றியும் கேட்பார்கள். அவர்களை அழைத்து வரும் வீட்டாரோ, அறைக்கு வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தி வேறொன்றைக் கேட்பார்கள்: "அவருக்கு ஏன் அதில் மனமே போகவில்லை?" அந்தக் கேள்வியையும் அதை ஒட்டி வருபவற்றையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கீமோ நடக்கும்போது ஓய்வுதானே முக்கியம்? நடக்கச் சொல்வது சரியா?

சரிதான். முன்பு மருத்துவர்களே படுத்திருக்கச் சொன்னார்கள். இன்று நிலை மாறிவிட்டது. குணப்படுத்தும் நோக்கத்துடன் சிகிச்சை நடக்கும் காலத்திலேயே நடை போன்ற பயிற்சிகளையும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகளையும் பரிந்துரைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. கீமோவால் வரும் அசதி, தூங்கி எழுந்தாலும் தீராத வகை. படுத்தே இருந்தால் தசை கரையும். தசை கரைந்தால் குளியலறைக்குப் போய் வருவதே பெரிய வேலையாகி, அசதி இன்னும் கூடும். மிதமான பயிற்சி அந்தச் சுழலை உடைக்கிறது.

அளவு என்ன என்றால், வல்லுநர் குழு ஒன்று 2019-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் மிதமான நடை. அதோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. இது போய்ச் சேர வேண்டிய இடம். தொடங்கும்போது வீட்டுக் கூடத்துக்குள் ஐந்து நிமிடம் நடந்தால் போதும்.

பயன் உண்டு என்று தெரிந்தும் சிலர் செய்வதில்லையே. அது குணத்தினாலா?

ஓரளவுக்கு. உளவியலில் மனிதக் குணத்தை ஐந்து பெரும் கூறுகளாகப் பிரிப்பது வழக்கம்: கலகலப்பு, ஒழுங்குணர்வு, பதற்றம், இணக்கம், புதுமை நாட்டம். கனடாவைச் சேர்ந்த ரோட்ஸ், ஸ்மித் ஆகிய ஆய்வாளர்கள், குணத்தையும் உடற்பயிற்சியையும் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கலகலப்பும் ஒழுங்குணர்வும் அதிகம் உள்ளவர்கள் சற்று அதிகமாகப் பயிற்சி செய்கிறார்கள். எளிதில் பதறுகிறவர்கள் சற்றுக் குறைவாகச் செய்கிறார்கள். இணக்கத்துக்கும் புதுமை நாட்டத்துக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை.

"சற்று" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மூன்று தொடர்புகளுமே சிறியவை. நோய் வந்த பிறகு அவற்றோடு குமட்டல், வலி, ரத்தசோகை, முன்பு பயிற்சி செய்த பழக்கம் இருந்ததா, வீட்டில் நடக்க இடம் உண்டா, மருத்துவமனைக்கு வந்துபோகும் அலைச்சல் எவ்வளவு என்று எத்தனையோ சேர்ந்துகொள்கின்றன. ஆகவே "அவர் குணமே அப்படித்தான்" என்று கைவிடுவதற்கு இந்த ஆய்வில் இடமில்லை. குணத்தைத் தெரிந்துகொள்வதால் கிடைக்கும் லாபம் வேறு: யாருக்கு எந்தப் பயிற்சியை எப்படிக் கொடுப்பது என்பது அதில் தெரிகிறது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று 2025 ஜூனில் வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த 'சாலஞ்ச்' ஆய்வு அது. ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கும் கையேடுகள் கொடுக்கப்பட்டன. மறு பிரிவினருக்கு அவற்றோடு மூன்று ஆண்டுகள் ஒரு பயிற்சி ஆலோசகரின் துணையும் கிடைத்தது. எட்டாவது ஆண்டில், துணை கிடைத்த பிரிவில் 90.3 விழுக்காட்டினரும் கையேடு மட்டும் கிடைத்த பிரிவில் 83.2 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். உடற்பயிற்சி நல்லது என்ற செய்தி இரு பிரிவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு பிரிவினருக்கு, அவரவருக்கு ஏற்றபடி திட்டத்தை மாற்றித் தரவும் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கவைக்கவும் ஓர் ஆள் கூடவே இருந்தார். நோயாளியின் மன உறுதியை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் திட்டமிடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

என் அப்பா எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். அவரைப் பற்றிக் கவலையில்லை அல்லவா?

அவரைப் பற்றித்தான் நான் முதலில் கவலைப்படுவேன்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன பயிற்சிகளை நீளக் குறிப்பேட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினார்: தேதி, நேரம், எத்தனை சுற்று, கையொப்பம். கையொப்பமும் அவருடையதே. இரண்டாவது கீமோ முடிந்த வாரத்தில் உடம்பு சுட்டது. அன்றைய கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக, யாரிடமும் சொல்லாமல் மொட்டை மாடியில் நடந்து முடித்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் என்பது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம். நல்லவேளையாக அன்று இரவே அவருடைய மகள் அழைத்து வந்துவிட்டார்.

இந்தக் குணமுள்ளவர்களுக்குத் தொடங்கவைக்க ஊக்கம் தேவையில்லை. நிறுத்தத் தெரிய வேண்டும். அவருடைய குறிப்பேட்டிலேயே இரண்டு பத்திகளைச் சேர்த்தோம். ஒன்று 'அதிகபட்சம்'. மற்றொன்று 'இன்று ஓய்வு: காரணம்'. காய்ச்சல் என்று எழுதி ஓய்வெடுத்தால் அந்தக் கட்டமும் நிரம்பிவிடும். ஓய்வும் திட்டத்தின் பகுதியானபோது, ஓய்வெடுப்பதையும் அவர் ஒழுங்காகச் செய்தார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒழுங்கானவர்களால் ஒரு வாரம் விட்டுப்போவதைத் தாங்க முடிவதில்லை. "எல்லாம் போயிற்று, இனி என்ன" என்று முழுவதுமாக விட்டுவிடுவார்கள். கீமோ சுழற்சியில் மோசமான நாட்கள் வந்தே தீரும் என்பதை முதல் நாளே சொல்லி, அந்த நாட்களுக்கென்று மிகச் சிறிய பயிற்சியைத் தனியாக எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதுகூடப் போதும்.

பயந்த சுபாவம். கொஞ்சம் படபடத்தாலும் மறுபடி மாரடைப்பு என்று உட்கார்ந்துவிடுகிறார். என்ன செய்வது?

அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஒரு முறை உயிரைத் தொட்டுவிட்டுப் போன நோய் அது. பயிற்சி செய்யும்போது வரும் சாதாரண அறிகுறிகளும் (இதயம் வேகமாகத் துடிப்பது, வியர்ப்பது, மூச்சு வாங்குவது) மாரடைப்பு வந்த அன்று அவர் உணர்ந்தவையும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வீட்டில் தனியாக "தைரியமாக நடங்கள்" என்று சொன்னால் அவரால் நடக்க முடியாது. ஈசிஜி, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடக்கவைக்கும் இதய மறுவாழ்வுப் பிரிவில் தொடங்குவது இவருக்குத்தான் மற்ற எவரையும்விட அவசியம். துடிப்பு ஏறுவதையும், உட்கார்ந்ததும் அது தானாக இறங்குவதையும் திரையில் கண்ணால் பார்க்கும்போது பயம் குறைகிறது. பேசிப் பேசிக் குறைத்த பயத்தைவிட இப்படிப் பார்த்துக் குறைந்த பயம் நெடுநாள் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

பிறகு வீட்டில் பயன்படுத்த ஓர் எளிய அளவுகோல்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பேச்சே திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு உதவி தேட வேண்டும்.

பயத்தைவிடச் சிக்கலானது, பயத்தை வெளியே சொல்லாத குணம். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக உளவியலாளர் யோஹான் டெனொலெட், 1990-களில் 'டி வகை' என்று ஒரு குணச் சேர்க்கையை விவரித்தார். உள்ளுக்குள் கவலையும் எரிச்சலும் அதிகம். அவற்றைப் பிறரிடம் காட்டத் தயக்கமும் அதிகம். இவ்வகை இதய நோயாளிகளுக்குப் பின்விளைவுகள் மோசமாக இருப்பதாக அவருடைய தொடக்க ஆய்வுகள் காட்டின. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதி செய்யவில்லை. ஆனால் அவர் விவரித்த மனிதர் நம் வீடுகளில் இருக்கிறார். "எப்படி இருக்கிறது?" என்றால் "பரவாயில்லை" என்பார். அவரிடம் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: "மாடிப்படி ஏறும்போது எந்தப் படியில் நின்றீர்கள்?" இதற்கு உண்மையான பதில் வரும்.

கலகலப்பானவர் நோய் வந்ததும் முடங்கிவிட்டாரே?

அவருடைய கலகலப்புக்கு ஆட்கள் தேவை. சிகிச்சை அவரை ஆட்களிடமிருந்து பிரித்துவிட்டது. தொற்று வந்துவிடும் என்று யாரையும் வீட்டுக்குள் விடுவதில்லை. முன்பு காலை நடை என்பது நான்கு நண்பர்களும் டீக்கடையும் சேர்ந்தது. இப்போது தனியாக வராண்டாவில் நடக்கச் சொன்னால் அது அவருக்கு வேறு செயல். ரத்த அணுக்கள் சரியாக இருக்கும் நாட்களில், கூட்டமில்லாத வேளையில், ஒரு நண்பரை மட்டும் கூட நடக்கச் சொல்லுங்கள். முடியாத நாட்களில் அதே நண்பர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க, இவர் வீட்டுக்குள் நடக்கட்டும்.

கூட்டுப் பயிற்சியின் வலிமைக்கு வான்கூவர் நகரில் ஓர் அருமையான உதாரணம் உண்டு. மார்பக அறுவைக்குப் பிறகு கையை அதிகம் உழைக்கவைத்தால் வீக்கம் வரும் என்று அஞ்சிய காலம். விளையாட்டு மருத்துவர் டான் மெக்கன்சி 1996-இல் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைக் கொண்டு டிராகன் படகுக் குழு ஒன்றை அமைத்தார். அஞ்சியபடி வீக்கம் வரவில்லை. அப்படிப்பட்ட குழுக்கள் இன்று உலகின் பல நாடுகளில் துடுப்புப் போடுகின்றன.

இதைப் படித்துவிட்டுக் கூச்ச சுபாவமுள்ள ஒருவரைக் குழுவில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டாம். முடி கொட்டிய தலையோடு பலர் முன்னால் கை கால் அசைப்பது அவருக்குத் தண்டனை. தனி அறை, ஜன்னலோரம், விருப்பமான வானொலி நிகழ்ச்சி. அவருக்கு அது போதும்.

அம்மா எல்லாவற்றுக்கும் "சரி" என்கிறார். ஆனால் செய்வதில்லை. ஏன்?

இணக்கமானவர்களைப் புரிந்துகொள்வதுதான் எங்கள் தொழிலில் மிகக் கடினம். மறுக்கிறவரிடம் காரணத்தைக் கேட்கலாம். "செய்கிறேன் டாக்டர்" என்று சிரித்துவிட்டுப் போகிறவரிடம் என்ன கேட்பது?

மார்பக அறுவை முடிந்த ஓர் அம்மாவுக்கு, சுவரை நோக்கி நின்று விரல்களைச் சுவரில் மெல்ல ஏறவிட்டுக் கையை உயர்த்தும் பயிற்சியைச் சொல்லியிருந்தேன். மாதம் ஒன்றாகியும் கை தோளுக்கு மேல் எழவில்லை. மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் இரண்டு பேரப்பிள்ளைகள் உள்ள வீடு. பத்து நிமிடம் தனக்கென்று அறைக் கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. பிறர் வேலை கெடும் என்று நினைத்தார். அவருக்கு ஊக்கம் இல்லை என்று கோப்பில் எழுதியிருந்தால் அது அநியாயமாகியிருக்கும். சமையலறை நிலைக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னேன். பால் காயும் நேரத்தில் விரல் கோட்டைத் தொட வேண்டும். வாரம் ஒரு முறை கோட்டை ஓர் அங்குலம் உயர்த்த வேண்டும். கோட்டை உயர்த்தும் பொறுப்பைப் பேரப்பெண் எடுத்துக்கொண்டாள். அடுத்தடுத்து வந்தபோது கை ஏறிக்கொண்டே இருந்தது. மேல்தட்டிலிருந்து புளி ஜாடியைத் தானே எடுத்ததாகச் சொன்னார்.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே?

பெருக்குவதும் துணி உலர்த்துவதும் அசைவுதான். சும்மா இருப்பதைவிட நிச்சயம் மேல். ஆனால் படிப்படியாக எடை கூட்டித் தசையை வலுவாக்கும் வேலையை அது செய்வதில்லை. பெண்கள் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: "வேலை செய்கிறாளே, அதுவே பயிற்சி" என்பது, நோயுற்றவரிடம் சமையலை விட்டுவைக்கும் சாக்காகிவிடக் கூடாது. அடுப்படியில் இருக்கும் சக்தியையெல்லாம் செலவழித்தவருக்கு நடப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

சோம்பலா, மனச்சோர்வா, நோயின் வேலையா? எப்படிப் பிரித்தறிவது?

ஒரு நல்ல சோதனை இருக்கிறது. குணம் ஒரு மாதத்தில் மாறாது. வாழ்நாள் முழுவதும் சுறுசுறுப்பாக இருந்தவர் சில வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் போனால், குணத்தைக் குறை சொல்லாமல் காரணத்தைத் தேடுங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருக்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். தூக்கம் கெட்டிருக்கலாம். மனச்சோர்வு நோய் வந்திருக்கலாம்; அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

பார்க்கின்சன் நோயில் இது இன்னும் முக்கியம். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதால் கை நடுங்குவதோடு, ஒன்றைத் தொடங்க வேண்டும் என்ற உந்துதலே மங்கிவிடலாம். அழுகையில்லை, வருத்தமில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருப்பார். மனைவிமார் "வேண்டுமென்றே செய்கிறார்" என்று மனம் நொந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது நோயின் ஓர் அறிகுறி. நரம்பியல் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். உள்ளிருந்து வராத உந்துதலை வெளியிலிருந்து தர வேண்டியிருக்கும்: குறித்த நேரம், கைபிடித்து எழுப்ப ஒருவர், தாளத்தோடு கூடிய பாட்டு.

கீமோவோடு தரப்படும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையையும் நினைவில் வையுங்கள். அதை எடுக்கும் நாட்களில் சிலர் தூக்கமில்லாமல் துறுதுறுவென்று இருப்பார்கள், நிறுத்தியதும் துவண்டுவிடுவார்கள். "முந்தாநாள் நன்றாகத்தானே நடந்தீர்கள்" என்று அவரிடம் கேட்பதில் பயனில்லை.

வீட்டார் எப்படிப் பேசினால் நல்லது?

ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் மனித ஊக்கத்தைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். ஊக்கம் நிலைக்க மூன்று வேண்டும் என்றார்கள்: இது என் முடிவு என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. கடும் நோய் மூன்றையும் ஒரே வீச்சில் பறிக்கிறது. எப்போது ஊசி, எப்போது ஸ்கேன், எதைச் சாப்பிடலாம் என்று எல்லாவற்றையும் பிறர் தீர்மானிக்கிறார்கள். அந்த நிலையில் நடையையும் கட்டளையாக்கினால், மறுப்பது ஒன்றுதான் அவர் கையில் மிஞ்சும் அதிகாரம்.

வெளிநாட்டிலிருந்து தினமும் வீடியோ அழைப்பில் "அப்பா, இன்று நடந்தீர்களா?" என்று கேட்கும் பிள்ளைகளின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நாள்தோறும் அதே முதல் கேள்வி என்றால் அது வருகைப் பதிவு போலாகிவிடுகிறது. "காலையில் நடப்பது சுலபமாக இருக்கிறதா, சாயங்காலமா?" என்று கேளுங்கள். தேர்வு அவருடையதாகட்டும். "இந்தப் பத்து நிமிடமும் நானும் இங்கே நடக்கிறேன், பேசிக்கொண்டே நடப்போம்" என்று சொன்னால் இன்னும் நல்லது.

பக்கத்து வீட்டில் இதே நோயோடு மாரத்தான் ஓடியவரின் கதையைச் சொல்ல வேண்டாம். கேட்பவருக்குத் தன்னால் முடியாதது மட்டுமே அதில் கேட்கும்.

குணத்தை மாற்ற முடியுமா?

சிகிச்சைக் காலத்தில் அந்த வேலையில் இறங்க வேண்டாம். மறதியோ தள்ளிப்போடும் பழக்கமோ உள்ளவர்களுக்கு உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த ஒரு முறை உதவும். "நாளை முதல் நடப்பேன்" என்ற பொதுவான தீர்மானத்தை விட்டுவிட்டு, "காலைக் காப்பி டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டி வாசல்வரை போய் வருவேன்" என்று, இது நடந்தால் அது என முடிச்சுப் போட்டுக்கொள்வது. அன்றைய மனநிலையைப் பொறுத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

மனதைரியம் இருந்தால் புற்றுநோய் குணமாகும் என்கிறார்களே? இவருடைய குணத்தால்தான் நோய் வந்ததா?

இல்லை. சுவீடனிலும் பின்லாந்திலும் ஏறத்தாழ 60,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியான ஆய்வில், குணத்துக்கும் புற்றுநோய் வருவதற்கும் தொடர்பு காணப்படவில்லை. எதையும் மனத்துக்குள் போட்டுப் பூட்டியதால்தான் வந்தது என்று நோயாளியிடம் சொல்வது கொடுமை. தயவுசெய்து சொல்லாதீர்கள், சொல்கிறவர்களைத் தடுங்கள்.

எப்போது செய்யக் கூடாது?

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பயிற்சி வேண்டாம். கீமோ காலத்தில் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், புதிதாக வந்த மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நிற்காத ரத்தக்கசிவு ஆகியவற்றுக்கும் முதலில் மருத்துவர்தான். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருந்தால் என்ன செய்யலாம் என்பதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்கள் எடை தூக்குவதற்கும் முதுகை முறுக்குவதற்கும் முன் கட்டாயம் ஆலோசனை பெற வேண்டும். அவர்களுக்கும் பாதுகாப்பான பயிற்சிகள் உண்டு.

நோய் முற்றிவிட்டது, குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். இனிமேலும் பயிற்சியா?

அவர் விரும்பினால் மட்டும். இந்தக் கட்டத்தில் நிமிடக் கணக்கையும் வாரக் கணக்கையும் நான் எடுத்துவிடுவேன். "எதை நீங்களாகவே செய்ய வேண்டும் என்று உங்களுக்கு இருக்கிறது?" என்று கேட்பேன். பதில்கள் பெரும்பாலும் சிறியவை: கழிப்பறைக்குப் பிறர் உதவியின்றிப் போக வேண்டும், பூஜை அறையில் விளக்கேற்றும் நேரம் நிற்க வேண்டும், பேத்தியின் காதுகுத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான தசையை மட்டும் பழக்குவோம். நாற்காலியிலிருந்து கைப்பிடியைப் பிடித்து எழுந்து உட்காருவது, ஒரு வேளைக்கு ஐந்து முறை, முடியாவிட்டால் இரண்டு. எழும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். வலிக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு செய்யச் சொல்லுங்கள். "இன்று வேண்டாம்" என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். மறுநாள் மறுபடி கேளுங்கள்.